ஓமும் வையும்

போன கிழமை அபிகாயிலைக் கோபத்தோடு விட்டுவிட்டு வந்தோம். "என்ரை கையாலை அழிக்கமாட்டன். அப்பாவுக்கு வேணுமெண்டால் அப்பாவே அழிக்கட்டும்" என்று ரொறன்ரோவில் இருக்கும் தமையன் பிறேமுக்குச் சொல்லிவிட்டுப் போனைக் கட்டிலில் எறிந்தாள். நல்ல காலம், கட்டிலில் எறிந்தாள். சுவரும் பக்கத்தில்தான் இருந்தது.

இந்தக் கிழமைதான் கதைக்குள் காலடி வைக்கிறவர்களும் இருப்பீர்கள். உங்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

யாழ்ப்பாணம் கொக்குவிலில், ரயில் போனால் யன்னல் கண்ணாடி அதிரும் தூரத்தில், மதில் சுற்றிய வளவு ஒன்றில் துரைராஜா மாஸ்ரரும் தேவமலரும் இருக்கிறார்கள். நாளை ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கல்யாணம் கட்டி ஐம்பது வருடம். பின்னேரம் தேவாலயத்தில் ஸ்தோத்திர ஆராதனை, பிறகு மண்டபத்தில் தேநீர். பிள்ளைகள் மூன்று பேர். மூத்தவன் பிறேம். நடுவில் நிஷானி. கடைக்குட்டி அபிகாயில் மட்டும் தாய் தகப்பனோடு இருக்கிறாள்.

நிஷானியைத் தன்னுடைய சிநேகிதன் சுபாஸுக்குக் கட்டிக்கொடுத்துக் கனடாவுக்கு எடுத்தவன் பிறேம்தான். இரண்டு வருடத்துக்கு முன் அவள் அந்த வீட்டைவிட்டு வெளிக்கிட்டு, தனியாக ஒரு சின்ன வீட்டுக்குப் போய்விட்டாள். ஏன் வெளிக்கிட்டாள் என்பதைத் தாய்க்கு மட்டும் சொன்னாள். தாய் ஒருவருக்கும் சொல்லவில்லை. பிறேமுக்கோ காரணமே தேவைப்படவில்லை. தன் மானம் போய்விட்டது என்பதோடு அவன் கணக்கு முடிந்துவிட்டது. அன்றிலிருந்து தங்கச்சியோடு கதைப்பதில்லை.

மாஸ்ரர் என்ன சொன்னார் என்று கேட்கிறீர்களா? அவர் எப்போதும் சொல்வதைத்தான் சொன்னார்.

மாஸ்ரர் வட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் காலம் முழுக்க இங்கிலீஸ் படிப்பித்தவர். வகுப்பில் மகா கண்டிப்பு. வாய் தவறி "ஓம் சேர்" என்று சொன்ன பிள்ளை எழும்பி நின்று "யெஸ் சேர்" என்று திருத்திச் சொல்ல வேண்டும். இங்கிலீஸ் வகுப்புக்குள்ளை ஓம் வரப்படாது என்பது அவருடைய சட்டம். அந்த வகுப்பில் இருந்த பிறேமும் மகன் என்ற சலுகையில்லாமல் பலமுறை எழும்பி நின்றவன். வீட்டுக்கு வந்தால் மாஸ்ரர் வேறு ஆள். மதிலுக்குப் பூச்சுப் பூசுவதா, நாய் வளர்ப்பதா, பிள்ளையை எந்தப் பாடம் படிக்கவிடுவது, எதைக் கேட்டாலும் ஒரே பதில்: "பாப்பம்." பார்த்ததாக வரலாறு இல்லை.

நிஷானி வீட்டைவிட்டு வெளிக்கிட்ட அன்று போனை எடுத்ததும் அவர்தான். வீட்டைவிட்டு வந்துவிட்டேன் என்று அவள் சொன்னதைக் கேட்டார். "அம்மாட்டைக் குடுக்கிறன்" என்றார். கொடுத்தார். அதற்குப் பிறகு மகளோடு ஒரு சொல் கதைக்கவில்லை. அவள் வீடியோவில் வரும் நேரமெல்லாம் வளவுக்குள் இறங்கிக் குசினி யன்னலுக்குப் பின்னால் நிற்கும் வாழைகளுக்குத் தண்ணி விடப் போய்விடுவார். போன வருடம் அந்த வாழைகள் குட்டியோடு அழுகிப் போயின. ஏன் அழுகினவை என்று ஒருவருக்கும் பிடிபடவில்லை. கன்று விற்றவனைத்தான் எல்லாரும் திட்டி, வேறு ஆளிடம் புதுக் கன்று வாங்கி வைத்தார்கள்.

இனி, இவ்வளவு சண்டைக்கும் காரணமான பெட்டி.

அபிகாயில் ஒரு மென்பொருள் கொம்பனியில் வேலை செய்கிறாள். அவளுடைய பழைய லப்டொப் ஒன்று, மூடியபடி, அலுமாரிக்கும் யன்னலுக்கும் நடுவில் ஒரு கதிரையில் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கிறது. பெட்டி என்பது அதுதான். முதலில் அதை வேலைக்காகத்தான் வைத்தாள். ஸ்கிறீன்ஷொட் ஒன்றைப் பிடித்தால் அது தானாக அந்த லப்டொப்பில் போய் ஏறும். அனுப்புவதற்கு ஒரு இணைப்பும் கையில் வரும். பிறகு நிஷானியின் விஷயம் வந்தது. குடும்ப வட்ஸ்அப் குழுவில் அவள் போட்டிருந்த ஒரு படத்தை யாரோ ஸ்கிறீன்ஷொட் எடுத்து, கீழே நாலு வரி நாற வார்த்தை எழுதி, ரொறன்ரோ முழுக்கச் சுற்றவிட்டார்கள். யாரென்று கடைசிவரை தெரியவில்லை. அன்றைக்குத்தான் அபிகாயில் சொன்னாள்: "இனி எங்கடை படம் எங்கடை வீட்டிலை கிடக்கட்டும்." வீட்டில் ஒவ்வொருவருக்கும் அந்தப் பெட்டியில் ஓர் அறை திறந்து, ஒவ்வொரு திறப்புச் சொல் கொடுத்தாள். அடுத்தவரின் அறையைப் பார்க்கலாம், அழிக்க ஏலாது.

அதற்குள் என்ன நடக்கிறது என்று தேவமலர் விடாமல் கேட்டபடியால், அபிகாயில் குசினித் தட்டைக் காட்டி விளங்கப்படுத்தினாள். மிளகாய்த்தூளுக்கு ஒரு பேணி, கோப்பித்தூளுக்கு ஒரு பேணி. ஒன்றின் மணம் மற்றதில் ஏறாது. அப்படித்தான் பெட்டிக்குள்ளும். படத்தை வாங்கி வைக்க ஒரு பேணி, வெளியிலிருந்து வருகிறவர்களுக்குக் கதவு திறக்க ஒரு பேணி. ஒன்று பழுதானால் அதை மட்டும் எறிந்துவிட்டுப் புதுசு வைக்கலாம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. முதல் மாதமே அவள் ஒரு பேணியை மாற்ற, உள்ளே இருந்த படமெல்லாம் அதோடு போய்விட்டது.

"தூளை வேறையாக் கொட்டி வைக்காமலே பேணியைக் கழுவினனீ?" என்று தேவமலர் கேட்டாள். கொம்பியூட்டர் படித்த பிள்ளை குசினியில் பாடம் படித்தது. அதன் பிறகு படங்களைப் பேணிக்கு வெளியே, தனியாக வைக்கப் பழகினாள். இன்னொரு பிரதி வைக்க வேறு டிஸ்க் வாங்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாள். இந்த நிமிடம் வரைக்கும் வாங்கவில்லை.

நிஷானியின் அறையில் நிஷானி போட்ட படங்கள் கொஞ்சம்தான். மிச்சம் முழுக்கத் தேவமலர் பிடித்தவை. மகள் வீடியோவில் கதைக்கும்போது நடுவில் இரண்டு பொத்தானைச் சேர்த்து அமத்துவாள். டிக் என்று ஒரு சத்தம். மகளின் முகம் பெட்டிக்குப் போய்விடும். போனில் இடம் இல்லாதபடியால் ஏறியதும் போனிலிருந்து அழிந்துவிடும்படி அபிகாயில் செய்து வைத்திருந்தாள். இரண்டு வருடமாகத் தாய் மகளைக் கண்ட காட்சியெல்லாம் உலகத்தில் அந்த ஒரு லப்டொப்பில்தான் இருக்கிறது. அழிந்தால் அழிந்ததுதான்.

அதை அழி என்றுதான் பிறேம் நின்றான். நாளைக்கு ஆராதனையில் பெட்டியில் உள்ள படங்கள் திரையில் ஓடும், வெளிநாட்டில் இருப்பவர்களும் பார்ப்பார்கள். நிஷானியின் படங்களைத் திரையில் ஓடவிடமாட்டேன், பெட்டியில் மட்டும் கிடக்கட்டும் என்று அபிகாயில் இறங்கி வந்தாள். அதற்கும் அவன் சம்மதிக்கவில்லை. ஒருக்கா வெளியில் வந்தது மறுபடியும் வரும், யாரோ தோண்டி எடுப்பார்கள், தான் மறுபடியும் தலைகுனிய ஏலாது என்றான். அதற்குப் பிறகுதான் போன் கட்டிலுக்குப் பறந்தது.

பறந்ததோடு அவள் நிறுத்தியிருக்கலாம். அன்றிரவு இடியப்பத்துக்கு முன்னால் இருந்த தகப்பனிடம், அறையைத் துடைக்க என்ன செய்ய வேண்டும் என்பதையும் சொல்லிக்கொடுத்தாள். லப்டொப்பைத் திறந்து இந்தச் சொல்லை அடியுங்கோ, ஒருக்காக் கேட்கும், பதில் சொன்னால் சரி. எத்தனை நாளைக்கு இந்த மனிசன் எல்லாத்துக்கும் பாப்பம் என்று தப்பிக்கொண்டிருப்பார் என்ற எரிச்சல் அவளுக்கு. தகப்பன் "பாப்பம்" என்றார். அப்பாவாவது அழிக்கிறதாவது என்று அவள் நிம்மதியாகப் படுத்தாள். பாருங்கள், படித்த பிள்ளைகள் விடுகிற பிழை.

சனிக்கிழமை காலை அபிகாயில் புரொஜெக்டரைப் பொருத்திப் பார்க்கத் தேவாலயத்துக்குப் போய்விட்டாள். தேவமலர் குசினி மேசையில் றிச் கேக் துண்டுகளைப் பொன்னிறத் தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள். முன் விறாந்தையில் மாஸ்ரரின் போன் அடித்தது. மாஸ்ரருக்குப் போனைக் காதில் வைத்துக் கதைக்கத் தெரியாது. ஸ்பீக்கர்தான். அதனால் அந்த வீட்டில் இரகசியம் என்று ஒன்று கிடையாது.

பிறேம் கத்தவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. சுபாஸின் தாயும் தகப்பனும் நாளைக்குப் பார்ப்பார்கள் என்றான். ஞாயிறுக்கு ஞாயிறு ஒரே தேவாலயத்தில் அவர்களின் முகத்தில் முழிக்கிறவன் தான் என்றான். அங்கை இருக்கிற உங்களுக்கு அது விளங்காது என்றான். மாஸ்ரர் ம், ம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவன் பேச்சில் நியாயம் கொஞ்சம் இருக்கத்தான் செய்தது. அதை இல்லையென்று நான் சொல்லமாட்டேன்.

கடைசியில் கெஞ்சினான்.

"அப்பா, நீங்கள் ஒண்டுக்கும் ஓமோ இல்லையோ எண்டு சொன்னதில்லை. எனக்காக ஒருக்கா, ஒரேயொருக்கா, ஓம் எண்டு சொல்லுங்கோ."

மாஸ்ரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டார். பிறகு, "சரி, வை. அடிச்சுப்போட்டு எடுக்கிறன்" என்று எழும்பினார்.

அவர் பாப்பம் என்று சொல்லவில்லை. தேவமலரின் கையில் இருந்த கேக் துண்டு தாளோடு மேசையில் விழுந்தது. எழும்பிப் போய்த் தடுத்திருக்கலாம். ஐம்பது வருடமாக அந்த மனிசன் ஒன்றைச் செய்வார் என்று எதிர்பார்த்தே பழக்கமில்லாதபடியால், இருந்த இடத்திலேயே இருந்துவிட்டாள்.

மாஸ்ரர் அபிகாயிலின் அறைக்குள் போனவர் போனவர்தான். லப்டொப் திறக்கும் சத்தமும் ஒரு சொல் அடிபடும் சத்தமும் கேட்டன. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. ஒரு ரயில் போனது, யன்னல் அதிர்ந்து அடங்கியது, அப்போதும் அவர் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மூக்கைச் சீறும் சத்தம். அதற்குப் பிறகு இரண்டு மூன்று எழுத்து, ஒவ்வொன்றாக அடிபடும் சத்தம்.

வெளியே வந்தவர் முன் விறாந்தைக்குப் போய் மகனுக்குப் போன் எடுத்தார்.

"ஓம் எண்டு அடிச்சிட்டன், தம்பி."

"தாங்ஸ் அப்பா" என்றான் பிறேம். உண்மையாகவே அழுதான் என்று நினைக்கிறேன்.

தேவமலர் விறாந்தைக்கு வந்தாள். கையில் கேக் துகளும் பொன்னிறத் தாளும்.

"அழிச்சுப்போட்டியளோ?"

"ஓம் எண்டு அடிச்சனான்" என்றார் மாஸ்ரர். பிறகு மெதுவாக, "மலர், ஒருக்காப் போய்ப் பாருமன்" என்றார்.

"என்னத்தைப் பாக்கிறது? பாப்பம், பாரும், பாப்பம், பாரும். உங்களுக்கு வேறை சொல்லே இல்லையோ? நான் பெத்த பிள்ளையை நான் கையாலை தொட்டு எத்தினை வருசம். அந்த முகத்தைத்தான் சேத்து வைச்சனான். அதையும் துடைச்சுப்போட்டு வந்து என்னைப் பாக்கச் சொல்லுறியள்."

"மலர், நான் சொல்லுறதைக் கேளும், ஒருக்கா..."

"நாளைக்கு நீங்கள் போங்கோ. ஐம்பது வருசத்துக்கும் நீங்கள் தனிய நிண்டு ஸ்தோத்திரம் சொல்லுங்கோ. நான் வரமாட்டன்."

அவள் நிஷானியின் பழைய அறைக்குள் போய்க் கொண்டியைப் போட்டாள். ஐம்பது வருடத்தில் அந்த வீட்டில் ஒரு கதவு உள்ளே இருந்து பூட்டுப்பட்டது அதுதான் முதல் தடவை. மாஸ்ரர் கதவடியில் போய் நின்றார். தட்டக் கையை உயர்த்தினார், தட்டாமல் இறக்கினார். மனிசனுக்கு வேறு என்ன தெரியும்? குசினிக்குப் போய், தேவமலர் விட்ட இடத்திலிருந்து கேக் சுற்றத் தொடங்கினார்.

மத்தியானம் அபிகாயில் வந்தபோது, மேசையில் ஒரு பக்கம் தாயின் கை சுற்றிய அழகான துண்டுகள், மறுபக்கம் தகப்பனின் கை சுற்றிய கசங்கின துண்டுகள். சாப்பாட்டுக் கோப்பை மூடினபடி இருந்தது.

"அம்மா சாப்பிடேல்லை" என்றார் மாஸ்ரர். "நீ ஒருக்காப் பெட்டியைப் பார், பிள்ளை."

அவர் சொன்னதை அவள் காதில் வாங்கவில்லை. பூட்டின கதவுக்கு இந்தப் பக்கம் நின்று, அந்தப் பக்கத்திலிருந்து தாய் சொன்னதைத்தான் கேட்டாள். அப்பா அழிப்பார் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை. எப்படி அழிப்பது என்று சொல்லிக்கொடுத்தது அவள். பிரதி வைக்க டிஸ்க் வாங்காமல் விட்டது அவள். வாங்கிப்போட்டிருந்தால் இப்போது சிரித்துக்கொண்டு எல்லாவற்றையும் திருப்பி வைத்திருக்கலாம். தன்னிலேயே அவளுக்கு வெறுப்பாக வந்தது. அக்காவிடம் திரும்பக் கேட்கவும் வழியில்லை. அம்மா பிடித்தது அக்காவிடம் ஏது? அப்படியே இருந்தாலும், நீ அனுப்பினதை அப்பா அழித்துவிட்டார், மறுபடி அனுப்பு என்று எந்த வாயால் கேட்பது?

லப்டொப்பின் முன்னால் போய் இருந்தாள். தகப்பன் அடித்ததெல்லாம் திரையில் அப்படியே கிடந்தது. அவள் சொல்லிக்கொடுத்த சொல், பிழையில்லாமல். அதற்குக் கீழே அவள் எழுதி வைத்த கேள்வி, இங்கிலீஸில்: உறுதிதானா? பக்கத்தில் இரண்டு எழுத்துகள். வை என்று அடித்தால் யெஸ், என் என்று அடித்தால் நோ.

அதற்குப் பக்கத்தில் தகப்பனின் பதில், இங்கிலீஸ் எழுத்தில்: ஓ, எம்.

ஓம்.

அபிகாயில் முதலில் ஒன்றும் விளங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தக் கட்டளையை எழுதினபோது, வை என்ற எழுத்தைத் தவிர வேறு எதை அடித்தாலும் பேசாமல் விட்டுவிடு என்றுதான் எழுதினாள். யாழ்ப்பாணத்து மனிசர் ஓம் என்று அடிப்பார்கள் என்று அதற்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? அது ஓமைக் கேட்டது, விளங்கவில்லை, சும்மா இருந்துவிட்டது. பெட்டியில் நிஷானியின் அறையைத் திறந்தாள். எல்லாம் இருந்தன.

லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு ஓடிப் போய்க் கதவைத் தட்டினாள். கதவு திறந்தது. கட்டிலில் வைத்துக் காட்டினாள். தேவமலர் படங்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். கண்ணீர் வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. பிறகு நடந்ததை விளங்கப்படுத்தச் சொன்னாள்.

"வை எண்டு அடிச்சால்தான் அழியும், அம்மா."

"இதென்ன விசர்க் கதை? வை எண்டால் வைச்சிரு எண்டெல்லோ அர்த்தம். வை எண்டு சொன்னா அழிக்குமோ?"

"அது இங்கிலீஸ் வை, அம்மா."

"எந்த வையோ. உன்ரை அப்பாவின்ரை விசர்த்தனத்துக்கும் கர்த்தர் ஒரு வேலை வைச்சிருக்கிறார்."

அவள் ஒரு படத்தில் நின்றுவிட்டாள். நிஷானி கம்பளிச் சட்டையோடு எதையோ சொல்லிச் சிரிக்கிறாள். படத்தின் மூலையில், வீடியோவில் வழக்கமாக வரும் சின்னச் சதுரத்துக்குள், தேவமலரின் முகம். அதற்குப் பின்னால் குசினி யன்னல்.

"இதைப் பெருப்பி, பிள்ளை."

அபிகாயில் பெருப்பினாள். யன்னலுக்கு வெளியே, வாழைக்குப் பக்கத்தில், கையில் தண்ணிக் குழாயோடு மாஸ்ரர் நின்றார். வாழையைப் பார்க்கவில்லை. யன்னலைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது, காது கொடுக்கிறவர் சாய்க்கிற மாதிரி.

அடுத்ததைப் பெருப்பினாள். அதிலும் நின்றார். அதற்கு அடுத்ததிலும். மழைக்காலத்தில் குடையோடு நின்றார். மழைக்குள் குடை பிடித்துக்கொண்டு வாழைக்குத் தண்ணி விட்டுக்கொண்டு நின்றார்.

தேவமலர் திரும்பவும் முதல் படத்துக்குப் போனாள்.

"வாழை அழுகினது இதாலைதான்" என்றாள் தேவமலர். அழுதுகொண்டே சொன்னாள். "ரெண்டு வருசமும் இந்த மனிசன் ஒரே பாத்திக்கு ஊத்திக்கொண்டு நிண்டிருக்குது."

படம் அழியவில்லை என்பது அப்பாவுக்குத் தெரிய வேண்டாம் என்று அவர்களுக்குள் பேசி முடித்தார்கள். பிழையாக அடித்தது தெரிந்தால், பிறேம் திரும்ப அடிக்கச் சொல்வான், அவரும் அடிப்பார். தேவமலர் முகத்தைக் கழுவி, தேத்தண்ணி ஊற்றிக் கணவனுக்கு ஒரு பேணியும் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் சுற்றின கேக் துண்டுகளைப் பிரித்துத் திரும்பச் சுற்றினாள். மாஸ்ரர் அவள் முகத்தைப் பார்த்தார். தேத்தண்ணியைக் குடித்தார்.

பின்னேரம் மறுபடியும் போன் அடித்தது. ரொறன்ரோவில் விடிந்து, பிறேம் பெட்டியைத் திறந்து பார்த்திருக்கிறான். ஸ்பீக்கரில் அவன் குரல் விறாந்தை முழுக்கக் கேட்டது. எல்லாம் அப்படியே கிடக்கிறது, அழிச்சதெண்டு சொன்னீங்கள், என்னப்பா இது என்றான்.

"நீ ஓம் எண்டு சொல்லச் சொன்னனீ. நான் ஓம் எண்டுதான் அடிச்சனான்" என்றார் மாஸ்ரர்.

"அப்பா, அதுக்கு வை அடிக்கவேணும். யெஸ்ஸுக்கு வை."

"எனக்கு உந்தக் கொம்பியூட்டர் இங்கிலீஸ் பிடிபடாது, தம்பி."

மடித்துக்கொண்டிருந்த கேக் தாளை அபிகாயில் கீழே வைத்தாள். தாயைப் பார்த்தாள். தாய் மாஸ்ரரைப் பார்த்தாள். மாஸ்ரர் மதிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு காலத்தில் எழும்பி நின்று "யெஸ் சேர்" என்று திருத்திச் சொன்னவனுக்கு விளங்காமல் போகுமா?

"வேணுமெண்டுதானே செய்தனீங்கள்?" என்றான் பிறேம்.

"அது ஒருக்காத்தான் கேட்டது. நானும் ஒருக்காச் சொல்லிப்போட்டன்."

"அப்ப என்ரை படமும் உங்களுக்குத் தேவையில்லை, அப்பா."

போன் நின்றது. கொஞ்ச நேரத்தில் அபிகாயில் லப்டொப்பைக் கொண்டுவந்து காட்டினாள். பிறேமின் அறையில் படங்கள் ஒவ்வொன்றாக மறைந்துகொண்டிருந்தன. ரொறன்ரோவில் இருந்து அவனே எடுத்துக்கொண்டிருந்தான். அவனுடைய கல்யாணம், பிள்ளைகளின் ஞானஸ்நானம், பனிக்குள் எடுத்த படங்கள். அவனுடைய திறப்பை நிறுத்தினால் தடுக்கலாம், தடுக்கட்டோ என்று தகப்பனைக் கேட்டாள். மகனை நோகடித்தது அவருக்குத் தெரியாதா?

"அவன்ரை படம். அவன் எடுக்கட்டும். தடுக்காதை" என்றார்.

படங்கள் குறைந்துகொண்டு வந்தன. பிறகு நின்றன. பாதிக்கு மேல் அப்படியே இருந்தன. களைத்துவிட்டானோ, யோசித்தானோ, யாரும் சொல்ல ஏலாது. தேவமலர் திரையைப் பார்த்து மகனின் பேரை ஒருக்காச் சொன்னாள், கூப்பிடுகிற மாதிரி.

அப்போதுதான் நிஷானியின் அறையில் புதிதாக ஒன்று ஏறியது.

ஸ்கிறீன்ஷொட். முகம் இல்லை, பனி இல்லை. பஸ்ஸுக்கு இடம் பிடிக்கும் பக்கம். யாழ்ப்பாணம் வரும் இரவுப் பஸ். யன்னலோர ஆசனம் ஒன்று தெரிவுசெய்திருந்தது. ஏறும் இடம்: கொழும்பு, வெள்ளவத்தை. கீழே, இன்னும் அமத்தாத பொத்தான்: உறுதிசெய்க.

"வெள்ளவத்தையோ?" என்றாள் தேவமலர். "ஆர் வெள்ளவத்தையிலை?"

அபிகாயிலின் போனில் நிஷானியின் செய்தி வந்தது. சிநேகிதி வீட்டுக்கு வந்து நாலைந்து நாளாகிறது. வருகிறேன் என்று சொல்லத்தான் நினைத்தேன், இங்கே வந்ததும் பயம் வந்துவிட்டது. உங்களுடைய நாளைக் குழப்ப விருப்பமில்லை. கடைசி வரி இது: அப்பாட்டைக் கேள். அமத்தட்டோ?

அபிகாயில் சத்தமாக வாசித்து முடித்தாள். இந்த முறை கேட்டது பெட்டியல்ல. ஒரு பிள்ளை, தகப்பனைக் கேட்டிருக்கிறாள். அம்மாட்டைக் குடுக்கிறன் என்று சொல்ல அவருக்கு இப்போதும் வழியிருந்தது. அம்மா பக்கத்தில்தான் இருந்தாள்.

மாஸ்ரர் கையை நீட்டினார். அபிகாயில் போனைக் கொடுத்தாள். அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு எழுத்துகளைத் தேடினார். ஒரேயொரு எழுத்தை அடித்தார், அனுப்பினார், போனைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு எழும்பி வளவுக்குள் போனார். தண்ணிக் குழாயை எடுக்கவில்லை. கேற்றடிக்குப் போய், துருப்பிடித்த கொண்டியை இழுத்துப் பார்த்தார், காலையில் சுகமாகத் திறக்குமோ என்று.

"என்ன எழுதினவர்?" என்று கேட்டாள் தேவமலர்.

"வை எண்டு, அம்மா."

தேவமலர் எழும்பிப் போய், மத்தியானம் தான் பூட்டிக்கொண்டிருந்த அறையின் யன்னலைத் திறந்து, கட்டிலுக்குப் புது விரிப்பு விரித்தாள். பிறேமுக்கு யார் சொல்வது என்று அந்த வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை.